உறையூர் நூலும் வரிப்பந்தும்

பங்குனி மாதத்து ஆதிப் பிரம்மோத்ஸவத்தில், ஆயில்ய நாளன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளிச் சோழராஜ குமாரியாகிய கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார் என்பதும், அந்தச் செய்தி எட்டியதனால் ஊடல் கொண்ட ஸ்ரீரங்கநாச்சியார், உத்திரத்தன்று தம் சந்நிதிக்கு வரும் பெருமாளை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சார்த்திவிடுகிறார் என்பதும் திருவரங்கத்தில் குழந்தைகளும் அறிந்த கதை. காணாமற்போன கணையாழியைத் தேடப் போயிருந்தோம் என்று பெருமாள் தரப்பில் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அது எடுபடுவதில்லை. உள்ளிருந்து பூப்பந்தும் வெண்ணெயும் பழமும் பறந்து வருகின்றன; வாழைமட்டையும் தன் பங்கைச் செய்கிறது; முடிவில் நம்மாழ்வார் இடையே வந்து இரு தரப்பையும் இசைவித்த பின்புதான், வருஷத்துக்கு ஒரு முறையே வாய்க்கும் சேர்த்தி ஸேவை நடைபெறுகிறது. ஸம்பிரதாயம் அறிந்தோர் பிரணய கலகம் என்பர். ஊரார் மட்டையடி என்பர். அந்தச் சேர்த்தியின் முன்னிலையில்தான் ராமானுஜர் கத்யத்ரயத்தை விண்ணப்பம் செய்தார் என்பதனால் வைஷ்ணவர்களுக்கு அந்நாளினும் உயர்ந்த நாள் வேறில்லை.

அத்தனை உயர்ந்த விஷயத்தை விட்டுவிட்டு, எறியப்படும் பண்டங்களுள் ஒன்றாகிய பந்தைப் பற்றி நான் எழுத முற்படுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். தாயார் எறியும் பந்து பூவால் ஆனது. தெய்வத்தின் கையில் இருப்பதற்கும் தெய்வத்தின் மேல் படுவதற்கும் பூவே தக்கது என்று நம் முன்னோர் கருதினர் போலும். ஆனால் இந்நாட்டுப் பெண்கள் உயிரோடு ஆடிய பந்து பூவால் ஆனதன்று. பூப்பந்து இரண்டு முறை தரையில் பட்டால் உதிர்ந்துபோகும். அவர்கள் ஆடியது நூலால் வரிந்து வரிந்து இறுக்கி, அதன் மேல் வண்ண நூலால் கோலமிட்ட பந்து. இன்று அத்தகைய பந்தைக் காண வேண்டுமானால் ஜப்பான் தேசத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அதற்குத் தெமாரி என்று பெயர். அந்தக் கைத்தொழில் அந்நாட்டுக்கே உரிய தனி அற்புதம் என்று உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடுவதில் பிழையில்லை. நமக்கும் ஒரு காலத்தில் அது இருந்தது என்பதும், அது முற்றும் அழியாமல் துண்டு துண்டாகச் சிதறித் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் இன்னும் கிடக்கிறது என்பதுமே நான் சொல்ல வந்தவை.

சங்க இலக்கியத்தில் பந்து வரும் இடங்கள் பல. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையன் நாட்டுக் கடற்கரைப் பட்டினத்தில், வானளாவிய மாடங்களின் மேல் பெண்கள் வரிப்பந்து ஆடி அலுத்துப் பின் மணலில் கழங்காடுவதைக் காட்டுகிறார். பழைய உரைகாரர்கள் இதனை நூலால் வரிந்த பந்தென்றே விளக்கியிருக்கின்றனர். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் மதுரை மாநகரின் வாயிலில் அத்தகைய பந்து ஒன்றும் பாவை ஒன்றும் தொங்கவிடப்பட்டிருந்ததைச் சொல்லுகிறார். போருக்கு அஞ்சும் பகைவரைப் பெண்டிர் என்று இகழ்வதற்காக அவை அங்கே தூக்கப்பட்டன. பந்தைக் கண்ட மாத்திரத்திலேயே பெண்ணின் நினைவு வரும் அளவுக்கு அது பெண்களின் உடைமையாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்த இகழ்ச்சியின் நியாயம் எப்படியிருந்தாலும் இருக்கட்டும்.

ஆயினும் இவ்விடங்கள் எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது நற்றிணையில் கயமனார் பாடிய பன்னிரண்டாம் பாட்டே. தாய் தயிர் கடையும் வைகறை வேளையில், தலைவனோடு உடன்போக்குச் செல்லத் துணிந்த பெண், நடக்கும்போது ஒலித்துக் காட்டிக் கொடுத்துவிடுமே என்று காற்சிலம்பைக் கழற்றுகிறாள். கழற்றிய சிலம்பை எங்கே வைக்கிறாள் என்றால், பலவகையாக அழகு செய்யப்பட்ட தன் வரிப்பந்தின் பக்கத்தில் வைக்கிறாள். இவற்றைக் காணுந்தோறும் என் தோழியர் வருந்துவார்களே என்ற நினைவு வந்ததும், போக வேண்டும் என்ற விருப்பத்தையும் மீறி அவள் கண்கள் கலங்கிவிடுகின்றன. சிலம்பு பொன்னோ வெள்ளியோ, விலையுள்ளது. பந்து நூல்; விலையற்றது. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே மதிப்போடு வைத்துவிட்டுப் போகிறாள் அவள். கடையில் வாங்கிய பண்டத்தின் மேல் அத்தனை பிரியம் வருமா என்பது ஐயமே. அவளோ அவள் தாயோ தோழியோ பல நாள் உட்கார்ந்து சுற்றிய பந்தாக அது இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நூற்பந்து செய்ய நூல் மிஞ்ச வேண்டும். உடுக்கவே நூல் போதாத ஊரில் பந்துக்கு யாரும் நூல் சுற்றமாட்டார்கள். இந்த வகையில் பழைய சோழர் தலைநகராகிய உறையூரை விடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், அர்கரு என்ற உள்நாட்டு நகரிலிருந்து அந்நகரின் பெயராலேயே வழங்கும் மெல்லிய பருத்தித் துணி ஏற்றுமதியானதைக் கூறுகிறது. அந்நகரம் உறையூரே என்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்வர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பழைய சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. நூலும் சாயமும் அடுத்தடுத்து இருந்த தெருக்களில், தறியிலிருந்து அறுத்தெறிந்த சிவப்பு நூலும் கருநீல நூலும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் இருந்திருக்க முடியாது. உறையூர்ப் பருத்திச் சேலைக்கு இன்றும் பெயர் உண்டு. தறிகளின் எண்ணிக்கை முன்போல் இல்லை என்பது வேறு விஷயம்.

பந்து எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சங்கப் புலவர்கள் சொல்லவில்லை. எல்லோரும் அறிந்த காரியத்தை யார் விளக்குவார்கள்? அந்தக் குறையை நிறைவு செய்தவர் கொங்குவேளிர். உதயணன் கதையைத் தமிழில் பாடிய அவருடைய பெருங்கதை, முதலும் முடிவும் சிதைந்த நிலையில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் கைக்குக் கிடைத்து 1924இல் அச்சேறியது. ஐயரவர்களின் ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை திரிசிரபுரத்து மகாவித்துவான் என்பதை எண்ணும்போது, அந்தப் பதிப்பில் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்நூலின் வத்தவ காண்டத்தில் பந்தடி கண்டது என்றே ஒரு பகுதி இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் இரு அணியாகப் பிரிந்து, ஒருத்தியை ஒருத்தி விஞ்சி ஆயிரக் கணக்கில் பந்தடிக்கிறார்கள். தோழியாக மறைந்து வாழும் கோசலத்து அரசகுமாரி மானனீகை இறுதியில் வந்து அனைவரையும் வெல்லுகிறாள். மறைந்து நின்று அதனைக் கண்ட உதயணன் மனத்தைப் பறிகொடுக்கிறான். கதை இவ்வளவே. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் கவி சிறிது நின்று, அந்தப் பந்துகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை ஒரு கைவினைஞனின் கவனத்தோடு கூறுகிறார்: உள்ளே கிடையும் பூளையும் பட்டுநூலும் வைத்துப் பிடித்து, மயிற்பீலியும் மயிரும் சேர்த்துப் பிணைத்து, அதன் மேல் நூலாலும் கயிற்றாலும் நுணுக்கமாகச் சுற்றி அழகுபடுத்தினார்களாம்.

இதனைக் கவியின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். ஒவ்வொரு பொருளும் ஒரு காரியத்தைக் கருதியே உள்ளே போகிறது. கிடை என்பது நீர்நிலைகளில் வளரும் நெட்டி; காற்றைப்போல் கனமற்றது; பந்தின் நடுவுக்கு உருவம் கொடுத்துக் கனத்தை ஏற்றாமல் இருப்பதற்கு அதனினும் நல்ல பொருள் இல்லை. பூளைப் பஞ்சும் மயிரும் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும் தன்மை உடையவை. துள்ளல் அங்கிருந்து பிறக்கிறது. பட்டு வழவழப்பானது, இழுத்தாலும் எளிதில் அறாது. இவை எல்லாவற்றையும் வெளியே இறுக்கும் நூலும் கயிறும் பந்தை வட்டம் கெடாமல் காக்கின்றன. ரப்பர் என்ற ஒரு பொருளை அறியாத உலகில், தரையில் அடித்தால் கைக்குத் திரும்பி வரும் பந்தைச் செய்வதற்கு இதைவிடச் சிறந்த யுக்தி ஒருவருக்கும் தோன்றியிராது. ஜப்பானியர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்தார்கள். நெட்டிக்கும் பூளைக்கும் பதிலாகப் பெரணிச் செடியின் இளங்குருத்தில் படியும் பஞ்சுபோன்ற மயிரை உள்ளே வைத்தார்கள்.

நெட்டியைச் சொன்னதனால் திருச்சிராப்பள்ளியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்க் கைவினைஞர்கள் நெட்டியைச் சீவிக் கோபுரங்களாகவும் விமானங்களாகவும் கோயில் மாதிரிகளாகவும் அடுக்கிய வேலைப்பாடு துரைமார்களிடையே மிகவும் பிரஸித்தம் பெற்றது. சுருட்டையும் வெள்ளி நகையையும் போலவே, திருச்சிராப்பள்ளிக்கு வந்துபோன ஒவ்வொரு வெள்ளைக்காரரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஒரு நெட்டிக் கோயிலையும் கப்பலேற்றினார் என்று சொல்லும்படியாக அவை இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கொங்குவேளிர் பந்தின் கருவாக வைத்த பொருள், பந்து மறைந்த பிறகும் இவ்வூரில் கைவிடப்படாமல் வேறு உருவெடுத்தது.

பந்தாட்டம் தமிழ்க் கவிகளுக்கு அலுக்காத விஷயம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் பந்தடித்துக்கொண்டே பாடுவதற்கான கந்துக வரி இருக்கிறது. சீவகசிந்தாமணியில் விமலை ஆடிய பந்து தெருவில் வந்து விழுந்ததனால்தான் சீவகன் அவளைக் கண்டான். ஒட்டக்கூத்தரின் உலாவிலும் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலும் பந்து துள்ளுகிறது. வடமொழியிலும் காஞ்சிப் பல்லவர் அவையைச் சார்ந்த தண்டி, தசகுமார சரிதத்தில் கந்துகாவதி என்ற ராஜகுமாரி தேவியின் முன்னிலையில் பந்தாடும் கந்துகோத்ஸவத்தை, அடியும் கதியும் பிரித்துச் சொல்லியிருக்கிறார். தேவாரத்தில் அம்பிகையைப் பந்து பொருந்திய விரலை உடையவளாகப் பாடுவது வழக்கம். பந்தணைநல்லூருக்கு அம்பிகையின் பந்தாட்டமே தலபுராணம். இத்தனையும் இருக்க, பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைப் பருவங்களாக அம்மானையும் நீராடலும் ஊசலும் நிலைபெற்றுவிட்டனவே, பந்துக்கு ஏன் ஒரு பருவம் கிடைக்கவில்லை என்று நான் யோசித்ததுண்டு. பிள்ளைத்தமிழ் செழித்த காலத்தில் நூற்பந்து ஏற்கனவே வீட்டு முற்றத்தை விட்டு விலகத் தொடங்கியிருந்தது போலும் என்பதே நான் கண்ட சமாதானம்.

அது விலகிப் போய்ச் சேர்ந்த இடம் திருவரங்கம். திருப்பாவையின் பதினெட்டாம் பாசுரத்தில் ஆண்டாள், உறங்கும் நப்பின்னையைக் கதவு திறக்கும்படி எழுப்புகிறாள். அந்த நப்பின்னையின் விரல்களில் பந்து இருக்கிறது. இரவெல்லாம் கண்ணனோடு பந்தாடி, அவனை வென்று, வென்ற பந்தை விடாமல் பிடித்துக்கொண்டே உறங்கிப்போனாள் என்று பெரியோர் ரஸமாக விரித்தனர். திருவரங்கத்தில் வாழ்ந்து பிரபந்தங்களுக்கு வியாக்கியானம் செய்த ஆசாரியர்களின் பரம்பரை அதோடு நிற்கவில்லை. ஒரு கையில் நாராயணனையும் மற்றொரு கையில் அவனுடைய லீலைக்குக் கருவியான உலகத்தையும் அவள் பற்றியிருக்கிறாள் என்று கண்டது. பகவானுக்கு விளையாட்டுப் பொருள் இந்த ஜகத்து. பிராட்டிக்கு விளையாட்டுப் பொருள் பந்து. ஆகவே பந்தே ஜகத்து. ஏதோ ஒரு பெண் உறையூரில் தறிநூலைச் சுற்றி இறுக்கிய உருண்டை, காவிரியைக் கடந்ததும் பிரபஞ்சமாக வளர்ந்துவிட்டது. இந்தத் தத்துவத்தின் கம்பீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்று முதல் பந்தைச் செய்யும் கையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே பாசுரத்தோடு சேர்ந்து வழங்கும் ராமானுஜரின் வரலாறு பிரஸித்தமானது. யதியாகிய அவர் திருப்பாவையை அநுசந்தித்துக்கொண்டே பிக்ஷைக்காகத் திருவீதிகளில் நடந்து வருகிறார், பதினெட்டாம் பாசுரம் வாயில் இருக்கும் தருணத்தில் பெரிய நம்பிகளின் திருமாளிகை வாசலை அடைகிறார், கதவு திறக்கிறது, வளை ஒலிக்க வந்து நிற்கிறாள் நம்பிகளின் மகள் அத்துழாய். அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் மூர்ச்சித்து விழுந்தார். செய்தியைக் கேட்ட நம்பிகள், எந்தப் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத் தாமே ஊகித்துக்கொண்டாராம். அவரைத் திருப்பாவை ஜீயர் என்று அழைப்பதற்கு இந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

உலகின் மற்றொரு கோடியிலும் ஒரு துறவியும் ஒரு பந்தும் உண்டு. ஜப்பானின் எச்சிகோ நாட்டில் 1758ஆம் ஆண்டு பிறந்து 1831இல் மறைந்த ரியோகான் என்ற ஜென் பிக்ஷு, அங்கியின் கைமடிப்புக்குள் ஒரு நூற்பந்தை வைத்துக்கொண்டே பிக்ஷைக்குப் போவார்; குழந்தைகள் சூழ்ந்துகொண்டால் பிக்ஷாபாத்திரத்தை மறந்துவிட்டுப் பொழுது சாயும் வரையில் அவர்களோடு பந்தடிப்பார். அவருடைய முதுமையில் தெய்ஷின் என்ற இளம் பிக்ஷுணி அவரைக் காண வந்தபோது, இருவருக்கும் இடையே முதன்முதல் பரிமாறப்பட்ட கவிதைகள் அந்தப் பந்தாட்டத்தைப் பற்றியவையே. நம் யதிக்குப் பந்து பாசுரத்தில் இருந்தது, அவருக்குக் கையில் இருந்தது.

ஜப்பானுக்குப் பந்து சீனத்திலிருந்து போயிற்று. மான்தோலால் ஆன பந்தைக் காலால் தட்டி ஆடும் கெமாரி அரண்மனைப் புருஷர்களின் விளையாட்டு. அதையொட்டிப் பெண்கள் கையால் ஆடத் தக்கதாக உருவானதே தெமாரி. தொடக்கத்தில் பட்டுநூல் சுற்றிய அந்தப் பந்தை மேலே எறிந்து பிடித்தார்களே தவிரத் தரையில் அடிக்கவில்லை. தரையில் அடித்து ஆடும் வழக்கம் எதோ என்று பெயர்பெற்ற ஆட்சிக் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டு முதற்கொண்டுதான் பரவியது. அதற்குக் காரணம் பருத்தி. மலிந்த பருத்திநூலை இறுகச் சுற்றியதும் பந்து துள்ளத் தொடங்கியது; சாமானிய ஜனங்களின் வீட்டிலும் அது நுழைந்தது.

அந்தப் பருத்தியின் வரலாற்றில் நமக்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். 799ஆம் ஆண்டு ஜப்பானின் மிகாவா கரையில் ஒரு சிறு படகு ஒதுங்கிற்று; அதில் இருந்த, இருபது பிராயம் மதிக்கத் தக்க வாலிபன் ஒருவன் பேசிய மொழி யாருக்கும் விளங்கவில்லை; பின்னர் அந்நாட்டு மொழியைக் கற்றுத் தான் தெஞ்ஜிக்கு தேசத்தவன், அதாவது இந்தியன், என்று சொன்னான் என்று அந்நாட்டு அரசவை வரலாறு குறிக்கிறது. அவன் உடைமைகளுள் பருத்தி விதை இருந்தது. மறு வருஷம் அந்த விதை ஜப்பானின் சனுகி முதலிய பல பிரதேசங்களில் விதைக்கப்பட்டது, பயிர் நிலைக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே பருத்தி அங்கே வேரூன்றியது. எனினும் அவனை மறக்கவில்லை. இன்றைய ஐச்சி மாகாணத்து நிஷியோ என்ற ஊரில் அவன் நினைவாக ஒரு கோயில் இருக்கிறது. அவன் இந்தியாவின் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டானோ, அவனைச் சோழநாட்டான் என்று சொந்தம் கொண்டாட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த முதல் விதை விழுந்த இடங்களுள் ஒன்றாகிய சனுகி, அந்த எதோ ஆட்சிக் காலத்தில் சர்க்கரை, உப்பு, பருத்தி என்ற மூன்று வெண்பொருள்களுக்குப் பெயர் பெற்று, இன்று செடிகொடிகளின் சாயம் தோய்த்த பருத்திநூலால் செய்யும் தெமாரிக்கும் பெயர் பெற்றிருக்கிறது என்பது மெய்.

அந்தச் சனுகிப் பந்தின் உள்ளே இருப்பது உமி. நெல்லுமியைக் காகிதத்தில் பொதிந்து உருண்டையாகப் பிடித்து, மெல்லிய நூலைத் திசை மாற்றி மாற்றிச் சுற்றி, மேற்பரப்பு முழுவதும் ஊசி ஏறத்தக்க மெத்தை போன்ற நூற்படலமாக்குகிறார்கள். பின்பு ஒரு காகிதக் கீற்றால் சுற்றளவை எடுத்து, மடித்து, உச்சியும் அடியும் நடுவட்டமும் எங்கே என்று கண்டு குண்டூசி குத்துகிறார்கள். எட்டாகவோ பத்தாகவோ பதினாறாகவோ பங்கிட்டு வழிகாட்டும் நூல்களைப் பதிக்கிறார்கள். அந்த நூல்களைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊசியால் கோத்துக் கோத்துச் செவ்வந்தியோ சணலிலையோ நட்சத்திரமோ மலரச் செய்கிறார்கள். புள்ளி வைத்து இழை போடும் மார்கழிக் கோலத்தைப் போலவே இதுவும் முதலில் கணக்கு, பிறகுதான் அழகு. தரை தட்டையாக இருப்பதனால் நம் பெண்களுக்கு எளிதான கணக்கு உருண்டையின் மேல் கடினமாகிறது. ஐங்கோணங்களை இடைவெளியின்றி உருண்டையின் மேல் பொருத்தும் வகையில் கணித சாஸ்திரிகளும் வியக்கும் நுட்பம் இருக்கிறது. அதைச் செய்த கிழவிகள் கணிதம் படித்தவர்கள் அல்லர்.

ஆட்டத்தின் கணக்கும் அப்படியே. தெமாரி ஆடும் சிறுமிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணி வளரும் பாட்டுகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. கந்துக வரியும் பெருங்கதையின் ஆயிரக் கணக்கான அடிகளும் நமக்குக் காட்டுவதும் அதுவே. எண்ணாமல் பந்தடிப்பதில் சுவை இல்லை.

இரண்டு நாட்டிலும் நூற்பந்தைக் கொன்றது ஒன்றே: ரப்பர். 1839இல் குட்இயர் என்ற அமெரிக்கர் கந்தகம் சேர்த்துக் காய்ச்சி அதனை உருக்குலையாமல் நிற்கச் செய்தார். 1876இல் பிரேஜிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. அப்பால் மலாய் நாட்டின் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள்; அவர்களுள் பெருந்தொகையினர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள். காவிரிக் கரையின் பாட்டிமார்கள் சுற்றிய நூற்பந்தைப் பயனற்றதாக்கிய பண்டத்தை, அவர்களுடைய பேரன்மாரே கடல் கடந்து போய் விடியற்காலையில் மரத்திலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். சரித்திரத்தில் இவ்வித விபரீதங்கள் நிகழும்போது யாரைக் குறை கூறுவது?

ரப்பர் பந்து வந்ததும் ஜப்பானிலும் மெய்ஜி காலத்தில் தெமாரி விளையாட்டுப் பொருளாக இருப்பது நின்றது. ஆனால் கைவேலை நிற்கவில்லை. கானஸாவா நகரில் தாய் தன் மகளின் விவாகத்துக்குத் தன் கையால் தெமாரி செய்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. 1601இல் தொக்குகாவா வம்சத்துப் பெண் தமாஹிமே மருமகளாக வந்தபோது அவளோடு அதுவும் வந்தது என்பர். பனி மூடிய வடநாட்டு ஹோன்ஜோவில் மூன்று புறமும் குஞ்சம் தொங்கும் பந்தைச் செய்கிறார்கள். மத்ஸுமோத்தோவில் ஒரு காலத்தில் சாமுராய் குடும்பப் பெண்கள் வறுமைக்கு உதவியாகச் செய்த பந்து, இப்போது அந்நகரத்துத் தெருச் சாக்கடை மூடியில்கூடச் சித்திரமாக இருக்கிறது. ஆடுவது போன பின்பு அழகு, அன்பளிப்பு, ஊர்ப்பெருமை என்ற மூன்றும் அந்தக் கைவேலையைத் தாங்கிக்கொண்டன.

நம்மிடம் அது ஏன் அப்படித் தாங்கப்படவில்லை என்றால், நம் பெண்களுக்குக் கைத்திறன் குறைவு என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே நல்ல நூலுக்கும் நல்ல கைக்கும் பந்தைவிடப் பெரிய எஜமானர்கள் இருந்தனர்: ஒருவர் கோயிலில் இருந்தார், மற்றவர் மணவறையில் இருந்தார். பட்டும் சரிகையும் பெருமாளின் திருப்பரிவட்டத்துக்கும் மணப்பெண்ணின் கூந்தலுக்கும் போய்விட்ட பின்பு, விளையாட்டுப் பொருளுக்கு என்ன மிஞ்சும்? அதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. மணப்பெண்ணின் பின்னல் நுனியில் தொங்கும் குஞ்சலத்தை எடுத்துப் பாருங்கள். நடுவே சிறு மரமணியோ துணிச் சுருளோ வைத்து, அதன் மேல் கறுப்புப் பட்டுநூலை நெருக்கமாகச் சுற்றி, சரிகையால் வரி வரியாகக் கட்டி, கீழே குச்சம் விட்ட மூன்று உருண்டைகள். ஹோன்ஜோ ஊர்ப் பந்தைச் சுருக்கினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பின்னலுக்குக் குஞ்சலமும் நகைக்குப் பட்டுக் கயிறும் கட்டுகிற கைகளே பழைய வரிப்பந்தின் வாரிசுகள் என்று நான் கருதுகிறேன். திருச்சி பெரிய கடை வீதியிலும் சின்னக் கடை வீதியிலும் நகைக் கடைகளைச் சுற்றி இத்தொழிலுக்கு வெகுகாலமாக வேலை இருந்து வந்தது; இப்போது நாட்டியம் கற்கும் சிறுமிகளின் தயவால் குஞ்சலம் பிழைத்திருக்கிறது, பட்டுக்குப் பதில் செயற்கை நூல் வந்துவிட்டது என்றாலும்.

ஆக, பந்தின் நெட்டி கோயில் மாதிரிக்குப் போயிற்று. நூல் வேலை குஞ்சலத்துக்குப் போயிற்று. எறியும் உரிமை ஸ்ரீரங்கநாச்சியாருக்கும், கையில் பிடிக்கும் உரிமை நப்பின்னைக்கும் போயிற்று. எஞ்சிய ஆட்டத்தை ரப்பர் எடுத்துக்கொண்டது. இவற்றை மறுபடி ஒன்று சேர்க்க முடியுமா என்று கேட்டால், முடியாமல் என்ன? நெட்டி டெல்டாவின் ஏரி குளங்களில் இன்னும் வளர்கிறது. பஞ்சுக்கும் மயிற்பீலிக்கும் பஞ்சமில்லை. உறையூரில் நூல் இருக்கிறது. குஞ்சலம் கட்டும் கைகள் சில இருக்கின்றன. உமி வைப்பதானால் காவிரிக் கரையில் கேட்கவே வேண்டாம். கொங்குவேளிர் பொருள்களின் பட்டியலைக் கொடுத்தவர், மேலே போட்ட கோலம் எத்தகையது, எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் வந்தது என்பதை மட்டும் நம் பெண்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். நவராத்திரிக் கொலுவுக்குப் புதிது புதிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் யோசிக்கும் திருவரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிப் பெண்மணிகளுக்கு அது பெரிய காரியமன்று. நானறிந்த வரையில் ஒருவரும் இன்னும் முயன்று பார்க்கவில்லை.